யாருடைய சௌகரியம்?

திண்டுக்கல்லில் பூட்டு வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் எவ்வளவுதான் புகழ்ந்து பேசட்டும், சாவியைத் தம் கையால் போட்டு நாலு தடவை திருகிப் பார்க்காமல் ஒருவரும் பையிலிருந்து காசை எடுக்கமாட்டார். பூட்டைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு, உள்ளே லீவர்கள் ஏறி இறங்கும் ஓசையைக் கேட்கிற மகானுபாவர்களும் உண்டு. நாகல் நகர்ப் பட்டறைகளில் கையால் ராவி ராவிச் செய்த அந்தப் பூட்டுக்கு 2019-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது என்றால், அதில் பாதிப் பெருமை இந்தச் சந்தேகப் பிராணிகளைச் சேரும் என்பது என் அபிப்பிராயம்.

இவர்களே தங்கள் கடைக்குப் பில் போடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள்? எதிரே ஒரு பையன் மடிக் கணினியைத் திறந்து வைத்து, "பாருங்கள் அண்ணே!" என்கிறான். திரையில் நீலமும் பச்சையுமாகப் பெட்டிகள் மின்னுகின்றன. இவர் "பேஷ்!" என்கிறார். விவகாரம் முடிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்தத் திரையின் முன்னால் ஒன்பது மணி நேரம் உட்காரப்போகிறவள் யார், அவளுக்கு அதில் உள்ள எழுத்தைப் படிக்க முடியுமா என்று அவரும் கேட்பதில்லை. அந்தப் பையனும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்குத் தெரிந்த ஓர் இரும்புச் சாமான் கடையில் 2017-ஆம் வருஷம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது நினைவிருக்கும். அதற்கு முன்னால் உள்ளூர் பில்லில் மதிப்புக் கூட்டு வரிக்கு ஒரே ஒரு பெட்டி இருந்தால் போதும். ஜி.எஸ்.டி. வந்ததும் மத்திய வரிக்கு ஒரு பெட்டி, மாநில வரிக்கு ஒரு பெட்டி, சரக்கின் குறியீட்டு எண்ணுக்கு இன்னொரு பெட்டி என்று குடும்பம் பெருகிவிட்டது. புரோகிராம் எழுதியவர் ஓடி வந்தார், இருந்த பெட்டிகளை இங்கும் அங்கும் நெருக்கித் தள்ளினார், இடம் போதாமல் இரண்டை இடம் மாற்றினார், போய்விட்டார். பில் போடும் பெண் வடமதுரைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பத்தாவது வரை தமிழில் படித்தவள். கெட்டிக்காரி. திரையிலிருந்த ஆங்கிலச் சொற்களை அவள் படித்ததே இல்லை. "மேலேயிருந்து மூணாவது பெட்டி", "மூலையில் இருக்கிற பெட்டி" என்று இடத்தை வைத்துத்தான் நாலு வருஷமாகப் பில் போட்டுக்கொண்டிருந்தாள். இடம் மாறியது. சரக்கு விவரம் எழுதும் பெட்டி இருந்த இடத்துக்குத் தள்ளுபடிப் பெட்டி வந்துவிட்டது. இரண்டுக்கும் தலைப்பை முழுசாகப் போட இடமில்லாமல், ஒன்றுக்கு 'டெஸ்க்' என்றும் மற்றதற்கு 'டிஸ்க்' என்றும் ஆங்கிலத்தில் நாலு நாலு எழுத்தாகக் குறுக்கி வைத்திருந்தார்கள். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்!

பத்து அங்குலத் தாழ்ப்பாள் விற்றால், அவள் வழக்கம்போல அந்த இடத்தில் பத்து என்று போடுவாள். கம்ப்யூட்டர் நூற்றுக்குப் பத்துத் தள்ளிக் கொடுத்துவிடும். எட்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தார்கள். நான் அந்தச் சமயம் கடையில் நின்றுகொண்டிருந்தேன். முதலாளி கெட்ட மனுஷர் அல்ல. ஆனாலும் நஷ்டத்தை அவள் சம்பளத்தில்தான் பிடித்தார். "எழுதியிருக்கிறதைப் படித்துப் போடக் கூடாதா?" என்று ஒரு கேள்வி வேறு. அவள் பதிலே சொல்லவில்லை. எதைப் படிப்பது?

அந்தப் புரோகிராம் எழுதியவரைப் பிற்பாடு ஒரு நாள் சந்தித்தேன். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். "ஏன் தம்பி, தலைப்பைத் தமிழில் போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"போட்டுப் பார்த்தேன் சார். பெட்டிக்குள் அடங்கவில்லை. சிலது வெறும் கேள்விக்குறியாக வந்தது. அதனால் விட்டுவிட்டேன்" என்றார்.

தமிழ் பெட்டிக்குள் அடங்கவில்லையாம்! எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது பொய்யும் அல்ல. அவர் கையில் எடுத்த கருவி அப்படிப்பட்டது. அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

திரையில் இப்படிப் பெட்டியும் பொத்தானும் வைப்பது ஒரு காலத்தில் பெரிய தொல்லையாக இருந்தது. ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று எழுத்தால் எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆலன் கூப்பர் என்ற அமெரிக்கர் ஒருவர், பொத்தானைப் பிடித்து இழுத்துத் திரையில் போட்டால் போதும் என்கிற மாதிரி ஒன்றைச் செய்தார். 1988-இல் மைக்ரோசாப்ட் அதை வாங்கி, தன்னுடைய பேசிக் மொழியோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, 1991-இல் 'விஷுவல் பேசிக்' என்று வெளியிட்டது. 1995-இல் போர்லாண்டு கம்பெனி 'டெல்பி' என்று இன்னொன்று கொண்டுவந்தது. இழுத்துப் போடு, இரண்டு முறை தட்டு, நாலு வரி எழுது, புரோகிராம் தயார். கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் அதில் பிழைப்பு நடத்தினார்கள். கடைகளும் மில்களும் ஆஸ்பத்திரிகளும் அதனால் கணக்கெழுதின. இது லேசான காரியம் அல்ல. நான் அதைப் பழிக்க வரவில்லை.

ஆனால் அந்தக் கருவி ஒரு பெட்டியை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது தெரியுமா? இடப்பக்கத்திலிருந்து இத்தனை தூரம், மேலேயிருந்து இத்தனை தூரம், அகலம் இத்தனை, உயரம் இத்தனை. நாலு எண்கள். அங்குலத்தை 1440 கூறாக்கி அளந்து வைத்திருக்கும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி யார் என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் சொல் பெரியதா சிறியதா என்றும் தெரியாது. இங்கிலீஷ் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தமிழ்ச் சொல்லுக்குப் போட்டால் தையல் விட்டுப்போகாமல் என்ன செய்யும்?

பத்திரிகைக் காரியாலயத்துச் சமாசாரம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஓவியர் ஒரு கட்டம் போட்டு, "தலைப்பு இதற்குள் வரவேண்டும்" என்று சொல்லிவிடுவார். கதையின் தலைப்போ நாலு சொல். என்ன செய்வார்கள்? நல்ல காரியாலயமாக இருந்தால் படத்தைச் சற்று நகர்த்துவார்கள். மட்டமான காரியாலயமாக இருந்தால் ஆசிரியருக்குக் கடிதம் வரும்: 'தலைப்பைச் சுருக்கவும்.' எனக்கும் அப்படிக் கடிதங்கள் வந்ததுண்டு. கட்டத்துக்காகச் சொல்லா, சொல்லுக்காகக் கட்டமா என்பது பழைய சண்டை.

தமிழுக்கு அகலம் மட்டும் போதாது, ஐயா. உயரமும் வேண்டும். ஆங்கிலத்துக்கென்று அளந்த பெட்டியில் நம் எழுத்தை ஊற்றினால் மேலே புள்ளி வெட்டுப்படும், கீழே வால் வெட்டுப்படும். 'ரத்து' என்கிற பொத்தானில் புள்ளி போய்விட்டால் அது 'ரதது' ஆகும். 'வரவு' என்பதில் வால் போய்விட்டால் 'வரவ' என்று நிற்கும். புள்ளியில்லாத தமிழை ஓலைச் சுவடிக்காரர்கள் படித்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் பில் போடுகிற பெண் புலவர் பரீட்சை எழுதியவள் அல்ல. எதிரே பதினைந்து பேர் நிற்கிறார்கள்.

கேள்விக்குறி விவகாரம் இன்னும் வேடிக்கையானது. விஷுவல் பேசிக்கின் ஆறாவது பதிப்பு 1998-இல் வந்தது. அது மனத்துக்குள் யூனிகோடு முறையில்தான் எழுத்தை வைத்திருக்கும். உலகத்து மொழிகளெல்லாம் அதில் அடக்கம், தமிழும் 1991 முதலே அதில் உண்டு. ஆனால் திரையில் காட்டவேண்டிய பெட்டியும் பொத்தானும் பழைய எழுத்து முறையைச் சேர்ந்தவை. அந்தப் பழைய முறையில் தமிழுக்கென்று இடமே ஒதுக்கவில்லை. மனத்தில் தமிழ், வாயைத் திறந்தால் கேள்விக்குறி! இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி, பாமினி மாதிரியான எழுத்துருக்கள். ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடியை மாட்டுவது. பார்க்கத் தமிழாக இருக்கும். எழுத்துருவை மாற்றினால் 'தமிழ்' என்கிற சொல்லே நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பல்லிளிக்கும். வாடிக்கைக்காரர்களின் பெயர்களை வருஷக் கணக்கில் இப்படிச் சேர்த்து வைத்துவிட்டு, இன்றைக்கு அவற்றைப் புதிய புரோகிராமுக்கு மாற்றமுடியாமல் விழிக்கும் கடைகளை நான் அறிவேன். தமிழக அரசாங்கம் 1999-இல் டாம், டாப் என்று இரண்டு தர முறைகளை அறிவித்தது. 2010-இல் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததே, அது போதும். 2010-க்குப் பிறகும் முகமூடி மாட்டுகிற ஒரு கருவியை ஒருவர் புதிதாகத் தேர்ந்தெடுத்தால், அதைப் பழக்கம் என்று சொல்வதா, அலட்சியம் என்று சொல்வதா?

"அதிலேதான் சீக்கிரம் முடியும் சார்" என்கிறார்கள். முடியும். யாருக்குச் சீக்கிரம்? செய்கிறவனுக்கு மூன்று நாள் மிச்சமாகிறது. உட்காருகிறவளுக்கு மூன்று வருஷம் கண் வலிக்கிறது. இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

இதற்கு நேர் எதிரான கட்சி ஒன்றும் இருக்கிறது. பெங்களூரில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகளிடம் அதைக் கேட்கலாம். இழுத்துப் போடுகிற கருவியே சோம்பேறிகளுக்கு என்பார்கள். திரையைக் கையால் எழுதித்தான் அமைக்க வேண்டும், அதுதான் ஆண்மை என்கிற தோரணை. பெரிய கம்பெனிகளின் காற்றும் அந்தப் பக்கம் வீசியதுண்டு. 2021-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட வின்-யூஐ 3, இழுத்துப் போடும் பலகை இல்லாமலேயே வந்தது.

இந்த வீரர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் சொல்கிறேன். கையால் எழுதுகிறபோது திரை எழுதுகிறவனுடைய மூளைக்குள் மட்டுமே இருக்கிறது. பலகையில் இழுத்துப் போடுகிறபோது, பக்கத்தில் முதலாளி உட்காரலாம், பில் போடுகிற பெண் உட்காரலாம். "அண்ணே, மூட்டைக் கணக்கை முதலில் வையுங்கள், எடை அப்புறம்தான் வரும்" என்று அவள் விரலால் காட்டலாம். காட்டிய இடத்துக்கு அது அவள் கண் முன்னாலேயே நகரும். வரைபடத்தைக் காட்டாமல் வீடு கட்டுகிற கொத்தனாரை நாம் ஒப்புக்கொள்வோமா? கண்ணால் பார்க்கிற கருவியின் உண்மையான பிரயோஜனம் இதுதான். சோம்பேறித்தனத்துக்காக அதைப் புகழ்கிறவர்களும், அதே காரணத்துக்காக இகழ்கிறவர்களும் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

"இப்போதெல்லாம் எல்லாம் பிரவுசரில்தானே?" என்று மூன்றாவது கட்சி. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலையில் லாரி நிற்கும்போது இணையம் படுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் அவர்களைக் கேட்டுவிட்டு மேலே போகிறேன்.

சரி, எதை எடுப்பது? எண்ணால் இடம் சொல்லாமல், உறவால் இடம் சொல்கிற கருவியை எடுக்க வேண்டும். 'இந்தப் பெட்டி அதற்கு வலப்பக்கம். இந்தத் தலைப்பு நீண்டால் அது நகர்ந்து இடம் விடும். எழுத்துப் பெரிதானால் வரிசை முழுவதும் உயரும்' என்று சொல்லிவைக்கிற வகை. இது ஒன்றும் நாளைக்கு வரப்போகிற அதிசயம் அல்ல. நார்வேக்காரர்கள் இரண்டு பேர் செய்து 1995-இல் வெளியிட்ட க்யூட்டி என்ற சாதனம் இருக்கிறது. 'க்யூட்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். அதற்கான டிசைனர் பலகையில் பெட்டிகளை வரிசையாகவோ கட்டங்களாகவோ கோத்துவிடலாம். தமிழ்ச் சொல்லைப் போட்டால் ரயில் பெட்டியில் ஒருவர் நகர்ந்து இன்னொருவருக்கு இடம் கொடுப்பது போல மற்றவை ஒதுங்கிக்கொள்ளும். மொழிபெயர்ப்புச் சொற்களைத் தனியே வைத்துக்கொள்ள அதிலேயே வழியும் உண்டு. டெல்பி தெரிந்தவர்களுக்கு லசாரஸ் இருக்கிறது. முதல் முழுப் பதிப்பு 2012-இல் வந்தது, காசு கிடையாது, விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் ஒரே மாதிரி ஓடும், பெட்டியைப் பெட்டியோடு நங்கூரம் பாய்ச்சி நிறுத்தலாம். மைக்ரோசாப்டை விட்டு வர மனமில்லையா? விண்டோஸ் பாரம்ஸிலேயே 2005 முதல் அட்டவணைப் பலகை என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்து உபயோகிக்கத்தான் ஆளில்லை. பாடம் நடத்துகிறவர்கள் இன்னும் எண்ணால் இடம் வைக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

2017-இல் அந்த இரும்புக் கடைப் புரோகிராம் இப்படிக் கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வரிப் பெட்டியைச் செருகியிருப்பார், மற்றவை தாமே நகர்ந்திருக்கும், வரிசை மாறியிருக்காது. தலைப்புகளைக் கொன்று நாலெழுத்தாக்கவும் வேண்டியிருந்திருக்காது.

கருவிக்கு ஆயுசும் பார்க்க வேண்டும். விஷுவல் பேசிக் ஆறில் புரோகிராம் எழுதுகிற கருவிக்கு மைக்ரோசாப்ட் 2008-ஆம் வருஷம் ஏப்ரலில் ஆதரவை நிறுத்திக்கொண்டது. எழுதிய புரோகிராம்கள் இன்றைக்கும் விண்டோஸில் ஓடுகின்றன, வாஸ்தவம். பழுது பார்க்கத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. இலவசச் சாதனங்களுக்கும் சாவு உண்டு. லினக்ஸ் உலகத்தில் ஜி.டி.கே. என்பதற்கு க்ளேட் என்று ஒரு நல்ல பலகை இருந்தது. 2020-இல் ஜி.டி.கே.யின் நாலாவது பதிப்பு வந்தபோது க்ளேடால் கூட வரமுடியவில்லை; அதைப் பராமரித்தவரே கம்பலாச்சே என்று வேறொன்றை ஆரம்பிக்கவேண்டியிருந்தது. ஆனால் ஒரு விஷயம்: க்ளேடும் சரி, க்யூட்டியும் சரி, வரைந்த திரையைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத்தான் எழுதிவைக்கின்றன. மனுஷன் திறந்து படிக்கலாம். இன்னொரு புரோகிராம் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். செய்தவன் வெளிநாடு போய்விட்டான் என்பதற்காகக் கடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதில்லை. கருவி வாங்கும்போதே, 'நீ போனபிறகு உன் பெட்டிக்குள் இருப்பதை வேறு யாராவது திறக்கமுடியுமா?' என்று கேட்டுவிட வேண்டும். பூட்டுச் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

குற்றத்தையெல்லாம் கருவியின் தலையில் சுமத்திவிட்டால் நம் பண்டிதர்கள் தப்பித்துவிடுவார்கள். அது நியாயம் அல்ல. பெட்டிக்குள் அடங்காத தமிழில் பாதி, மார்க்கெட்டிலும் அடங்காத தமிழ். 'வாடிக்கையாளர் நிலுவைத் தொகை விவரம்' என்று ஒரு தலைப்பைப் பார்த்தேன். திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்! அங்கே அதற்குப் பெயர் 'பாக்கி'. மூன்றே எழுத்து. சிட்டை, மூட்டை, தரகு, கழிவு, வரவு, பற்று என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப்பிள்ளைகள் நறுக்குத் தெறித்தாற்போல் வைத்திருக்கிற சொற்களை விட்டுவிட்டு, சர்க்கார் பாரத்திலிருந்து சொல் எடுத்தால் எந்தப் பெட்டியும் வெடிக்கத்தான் செய்யும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு தலைப்பும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் தடுமாறின. தமிழில் 'சரக்கு', 'தள்ளுபடி' என்று போட்டிருந்தால் குழந்தைகூடக் குழம்பாது.

புரோகிராம் எழுதுகிற தம்பிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு கருவியைப் பரீட்சை பண்ண ஒரு வாரம் வேண்டாம். அரை மணி போதும். ஒரு திரையைத் தமிழ்த் தலைப்புகளோடு முதலிலேயே வரைந்துவிடுங்கள். ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுப் பிறகு மாற்றுவது வேண்டாம். விண்டோஸில் எழுத்தின் அளவை நூற்றைம்பது சதவிகிதமாக்குங்கள். நடுவில் ஒரு புதுப் பெட்டியைச் செருகுங்கள். புள்ளி, வால், வரிசை எதுவும் கெடாமல் நின்றால் அந்தக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டால், எவ்வளவு பிரபலமான கம்பெனியுடையதாக இருந்தாலும் மூட்டை கட்டிவிடுங்கள்.

முதலாளிமார்களும் இதே அரை மணியைத் தங்கள் கடையிலேயே நடத்திப் பார்க்கலாம். புரோகிராம் காட்ட வருகிற பையனுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, நாற்காலியில் நீங்கள் உட்காராமல், பில் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒன்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள். "பத்து அங்குலத் தாழ்ப்பாள் நாலு" என்று மட்டும் சொல்லுங்கள்.